மகோக்கோ மிதவைப் பள்ளி: ஒரு முன்மாதிரியின் மூன்று வருடங்கள்

வீடுகள் எல்லாம் தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் ஊர் அது. பள்ளிக்கூடத்தை மட்டும் மண் கொட்டி மேடாக்கித் தரையில் கட்டியிருந்தார்கள். மழை பலத்தால் வெள்ளம் புகுந்தது அந்தப் பள்ளிக்குள்தான்.

நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில், காயலோரம் இருக்கும் மகோக்கோவின் கதை இது. அங்கே கட்டப்பட்ட மிதவைப் பள்ளியின் படத்தைப் பார்க்காத கட்டடக்கலை மாணவர் குறைவு. கறுத்த தண்ணீர், அதன் மேல் முக்கோண வடிவில் மரக்கட்டடம், சுற்றிலும் ஓடங்கள், கூரையடியில் சீருடை போட்ட பிள்ளைகள். உலகம் முழுக்கச் சுற்றிய படம். 2016 ஜூன் 7 அன்று பெய்த பெருமழையில் அந்தக் கட்டடம் சரிந்து விழுந்தது. அதற்கு அப்புறம் அதைப் பற்றி எழுதியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரு கட்சிக்கு அது தொலைநோக்கு, இன்னொரு கட்சிக்கு அது வெறும் விளம்பரம். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. பள்ளிக் கட்டடம் வடிவமைக்கும் எவரும் இந்த நிகழ்வை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஊரிடமிருந்து கற்றுக்கொண்ட இடமும், ஊரைக் கேட்காமல் விட்ட இடமும் இதில் தெளிவாகத் தெரிகின்றன.

ஊர்

மகோக்கோ நேற்று முளைத்த சேரி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே மீனவர் குடியிருப்பு இருந்தது. பதாக்ரி பக்கமிருந்தும் இன்றைய பெனின் நாட்டுப் பக்கமிருந்தும் வந்த எகுன் மக்கள் வலை வீசி, மீனைப் புகை போட்டு விற்றுக் குடியேறிய இடம். அதற்குள் ஆறு ஊர்கள் உண்டு. ஓகோ அக்போன், அதோக்போ, மிக்பெவே, யான்ஷிவே ஆகிய நான்கும் தண்ணீரில் இருப்பவை. சொகுன்ரோவும் அப்போலோவும் கரையில். ஒவ்வொன்றுக்கும் 'பாலே' எனப்படும் ஊர்த்தலைவர் உண்டு. ஜனத்தொகை எவ்வளவு என்று கேட்டால் நாற்பதாயிரத்திலிருந்து மூன்று லட்சம் வரை ஆளுக்கொரு எண் சொல்வார்கள். ஒரு பெருநகரத்தின் நடுவில் இருக்கும் ஊரை ஒழுங்காக எண்ணிப் பார்க்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

கட்டும் முறை எளிது. காயலின் சேற்றில் மரக்கம்பங்களை அடித்து இறக்கி, மேலே பலகைத் தளம் போட்டு, பலகைச் சுவர் எழுப்பித் தகரக் கூரை போடுகிறார்கள். பக்கத்திலேயே எபுத்தே மெட்டா என்ற பகுதியின் மரம் அறுக்கும் பட்டறைகள் இருப்பதால் மரத்துக்கும் கழிபலகைக்கும் பஞ்சமில்லை. தண்ணீரில் நிற்கும் கம்பம் உளுத்துப்போகும். அப்போது அந்த ஒரு கம்பத்தை மட்டும் மாற்றினால் போதும், வீட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போக்குவரத்து எல்லாம் ஓடத்தில். தெரு என்று நாம் சொல்வது அங்கே வாய்க்கால். கடைக்காரப் பெண் ஓடத்திலேயே கடை நடத்துவார், பிள்ளைகள் ஓடத்தில் பள்ளிக்குப் போவார்கள். நடுவில் இருந்த வான்யின்னா தொடக்கப்பள்ளி, ஊர்க்காரர்கள் வெளி உதவியோடு உண்டாக்கியது. பெனினிலிருந்து வந்த பிரெஞ்சு மொழி புழங்கும் ஊரில், அரசு வேலைக்கும் நகரத்துக்கும் தேவையான ஆங்கிலத்தைச் சொல்லிக்கொடுத்த பள்ளி அதுதான். இடம் போதவில்லை, தண்ணீர் வேறு புகுந்தது. தேவை அவ்வளவுதான்: நனையாத இன்னும் சில வகுப்பறைகள்.

பயம்

எந்தப் பழைய குடியிருப்பிலும் கட்டடம் கட்டப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த ஊர் நாளைக்கு இங்கே இருக்குமா?' என்பது. லாகோஸில் இது வெறும் பேச்சுக்குக் கேட்கும் கேள்வி இல்லை. 1990 ஜூலையில் மரோக்கோ என்ற குடியிருப்பை இராணுவ அரசு இடித்துத் தள்ளியபோது சுமார் மூன்று லட்சம் பேர் வீடிழந்தார்கள். இப்போது அந்தப் பக்கமெல்லாம் விலையுயர்ந்த மனைகள்.

மகோக்கோவின் முறை 2012 ஜூலையில் வந்தது. காலி செய்ய 72 மணி நேரம் கெடு கொடுத்து மாநில அரசு நோட்டீஸ் விட்டது. ஆட்கள் வந்து கம்பங்களை அறுத்தார்கள், வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அந்த நாட்களில் ஊர்த்தலைவர்களில் ஒருவர் காவலரின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். அதற்கு அப்புறம்தான் இடிப்பு நின்றது.

மிதவைப் பள்ளியின் கட்டுமானம் தொடங்கியது அதே வருடம் அக்டோபரில். அதாவது, மூன்று மாதத்துக்கு முன்னால் அறுபட்ட கம்பங்கள் தண்ணீரில் துருத்திக்கொண்டிருந்த நேரத்தில். இதை விட்டுவிட்டு அந்தக் கட்டடத்தின் வடிவத்தை மட்டும் பேசுவதில் பயனில்லை. உலகம் திரும்பிப் பார்க்கிற ஒரு பொருள் ஊருக்குள் நின்றால் அடுத்த முறை இடிக்க வருகிறவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள் அல்லவா? என் கணிப்பில் பள்ளியை ஊர் ஏற்றுக்கொண்டதற்கு வகுப்பறை ஒரு காரணம் என்றால், இந்தக் காவல் இன்னொரு காரணம். ஒரு கட்டடத்தின் மேல் இரண்டு சுமை.

வடிவம்

வடிவமைத்தவர் குன்லே அதெயெமி. நைஜீரியாவில் பிறந்தவர், டச்சுக் கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸின் அலுவலகத்தில் பல வருடம் வேலை செய்துவிட்டு 2010இல் சொந்த அலுவலகம் தொடங்கினார். மலிவான வீடுகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் மகோக்கோவுக்குப் போனார். இவ்வளவு குறைந்த செலவில், இவ்வளவு பேருக்கு, பொறியாளர் இல்லாமலே வீடு கட்டிக்கொள்ளும் ஊர் அவரை ஈர்த்தது. பள்ளியை விரிவாக்க உதவுகிறேன் என்றார். காலூன்றிய இன்னொரு கட்டடம் கட்டியிருக்கலாம். ஆனால் கடல்மட்டம் உயர்ந்தால் கம்பத்தின் உயரம் போதாது. தண்ணீர் ஏறினால் கூடவே ஏறும் கட்டடம் வேண்டும் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் ஜெர்மனியின் ஹைன்ரிஷ் போல் அறக்கட்டளையும் பண உதவி செய்தன.

மிதப்புக்கு அவர் எடுத்துக்கொண்டது சாதாரண நீலப் பிளாஸ்டிக் பீப்பாய். லாகோஸில் எங்கும் கிடைக்கும், பழையது இன்னும் மலிவு. பதினாறு மரச்சட்டங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் பதினாறு பீப்பாய், மொத்தம் 256. நாம் 'கட்டுமரம்' என்று சொல்வதன் பொருளே கட்டிய மரங்கள்தானே. அதே தத்துவம், மரத்துக்குப் பதில் காற்றடைத்த பீப்பாய். பீப்பாய்க்கு 200 லிட்டர் என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் மொத்தம் 51,200 லிட்டர். எல்லாம் முழுகினால் 51 டன் எடையைத் தாங்கும். பிள்ளைகளையும் பலகைகளையும் சேர்த்தாலும் தாராளமாக மிச்சமிருக்கும். ஓரத்துப் பீப்பாய்களில் மழைநீரைப் பிடித்து வைக்கவும் வழி செய்திருந்தார்கள். மிதப்புக் கணக்கில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

அதன் மேல் 10 மீட்டருக்கு 10 மீட்டர் தளம், 10 மீட்டர் உயரத்துக்குக் கூம்பிய முக்கோணம். கீழ்த்தளம் திறந்தவெளி, விளையாட, கூடிப்பேச, பள்ளி இல்லாத நேரத்தில் வலை பின்ன. நடுத்தளத்தில் வகுப்பறைகள். உச்சியில் சிறிய பயிற்சி அறை. மொத்தம் 220 சதுர மீட்டர், நூறு பேர் இருக்கலாம். கூரையில் சோலார் தகடுகள், கழிவறை உரமாக்கும் வகை. சுவருக்குப் பதில் மரச்சட்டச் சரிவுகள் இருந்ததால் காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகும், மின்விசிறி வேண்டாம். அடி அகலமாகவும் மேலே குறுகியும் இருப்பது தற்செயல் இல்லை. எடையெல்லாம் கீழே இருந்தால்தான் மிதவை கவிழாது. நிமிர்ந்த பெட்டியாகக் கட்டியிருந்தால் பிள்ளைகள் எல்லாரும் ஒரு பக்கம் ஓடும்போது சாய்ந்திருக்கும்.

முதலில் ஒரு சின்ன மிதவையைச் செய்து காயலில் விட்டுச் சோதித்தார்கள். பிறகு ஊர்த் தச்சர்களையும் கூலியாட்களையும் வைத்து, உள்ளூர் மரத்தில் ஐந்தாறு மாதத்தில் முடித்தார்கள். 2013 மார்ச்சில் கட்டடம் தயார். மாநில அதிகாரிகள் அதைச் சட்டவிரோதம் என்றார்கள். பிறகு குரல் மாறியது, 2015 வாக்கில் மகோக்கோவுக்கான அரசுத் திட்டத்துக்குள் இதையும் சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்தது.

ஊரிடம் கேட்டது எது, கேட்காதது எது

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். பொருள் தேர்விலும், ஆள் தேர்விலும், காற்றோட்டத்திலும், ஓடம் வந்து ஒட்டி நிற்கும் தளத்திலும் ஊரின் அறிவு இருந்தது. கீழ்த்தளத்தைப் பொதுவெளியாக விட்டது அருமையான முடிவு. தரையே இல்லாத ஊரில் பிள்ளைகள் ஓடியாட ஓர் இடம் கிடைத்தது. ஒருவேளை வகுப்பறைகளைவிட இதுவே ஊருக்குப் பெரிய கொடை.

ஆனால் பழுதுபார்க்கும் முறை ஊருடையது இல்லை. முன்பு சொன்ன கம்பத்தை நினைத்துப் பாருங்கள். காலூன்றிய வீட்டில் ஒரு கம்பம் கெட்டால் அடுத்த வீட்டுக்காரரே வந்து மாற்றிவிடுவார். மிதவையில் எல்லாம் எல்லாவற்றோடும் கட்டப்பட்டிருக்கிறது. அடியில் ஒரு பீப்பாய் விரிசல் விட்டால் அது இருக்கும் இடம் தண்ணீருக்குள், பலகைக்கடியில். போல்ட் ஒன்று தளர்ந்தால் அந்தச் சுமை பக்கத்துப் போல்ட்டுக்குப் போகும், அதுவும் தளரும். மிதக்கும் பொருள் ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. அலைக்கும், ஓடம் இடிப்பதற்கும், காற்றுக்கும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம் மூட்டுகளைத் தின்னும். படகு வைத்திருக்கிற எவருக்கும் இது தெரியும். அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி அடியைப் பார்க்கிறார்கள். 220 சதுர மீட்டர் பள்ளியை எந்தக் கரையில் ஏற்றுவது?

திறந்த பக்கங்கள் வெயில் காலத்துக்கு வரம். மழைக்காலத்தில் சாரல் நேராக வகுப்புக்குள் அடிக்கும். அதைவிட ஆபத்து காற்று. நம் ஊரில் புயலில் கூரை பறப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலிருந்து அமுக்கும் காற்றைவிட உள்ளே புகுந்து தூக்கும் காற்றுதான் கூரையைப் பிய்க்கும். லாகோஸில் மழை உச்சத்துக்கு வருவது ஜூனில், திடீர்ச் சூறைக்காற்றோடு. இலகுவான, திறந்த, கட்டிப்போட்ட ஒரு கட்டடத்துக்கு அது வருடாந்தரப் பரீட்சை.

யார் வருடம் இருமுறை போல்ட்டை முறுக்குவது, எந்தப் பணத்தில், எந்த அளவு தளர்ந்தால் பிள்ளைகளை இறக்கிவிடுவது: இவை வரைபடத்தோடு சேர்ந்து வர வேண்டியவை. கட்டடத்தை ஒப்படைக்கும் நாளில் சாவியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவை. 'முன்மாதிரி' என்ற சொல்லுக்குக் கட்டடக் கலைஞர் வைத்திருக்கும் பொருள் வேறு: பார்த்து, கற்று, அடுத்ததைத் திருத்தமாகச் செய்ய ஒரு முதல் முயற்சி. பிள்ளையை அனுப்பும் தாய்க்கு அது முன்மாதிரி இல்லை, பள்ளிக்கூடம். இந்த இரண்டு பொருளும் ஒரே கட்டடத்தில் மோதியதுதான் இந்த நிகழ்வின் மையம் என்பது என் வாசிப்பு.

2016

அந்த வருடம் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் இதன் இரண்டாம் வடிவம் நின்றது. தொழிற்சாலையில் துண்டு துண்டாகச் செய்து, நான்கு பேர் பத்து நாளில் பூட்டியது. மே 28 அன்று அதற்கு வெள்ளிச் சிங்க விருது கிடைத்தது. பத்து நாள் கழித்து மகோக்கோவின் மூலக் கட்டடம் விழுந்தது. இந்தப் பொருத்தத்தைக் கதையாசிரியர் எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறார் என்று சொல்லியிருப்போம்.

யாருக்கும் அடி படவில்லை. கட்டடத்தில் அப்போது வகுப்பு நடக்கவில்லை. மார்ச்சிலேயே அதைப் பயன்பாட்டிலிருந்து விலக்கிவிட்டோம், மூன்று வருடம் நன்றாக உழைத்தது, திருத்தி மறுபடி கட்டவிருந்தோம் என்றது அதெயெமியின் அலுவலகம். செய்தியாளர்கள் ஊரில் கேட்டு எழுதியது வேறு மாதிரி: மழைக்கும் காற்றுக்கும் பயந்து பிள்ளைகளைப் பழைய பள்ளிக்கே திரும்ப அழைத்துக்கொண்டார்கள், அங்கே ஒழுங்காக வகுப்பு நடந்த காலம் உலகம் நினைத்ததைவிட மிகக் குறைவு. இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி. ஆனால் இரண்டு தரப்பும் ஒத்துப்போகும் ஓர் இடம் உண்டு, விழுவதற்கு முன்பே பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே மிகச் சரியானது அதுதான். ஆனால் அதற்குத்தான் யாரும் விருது கொடுக்கவில்லை.

பக்கத்தில் வைத்துப் பார்க்க

வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே தெற்கு கனார்ச்சரில் சைஃபுல் ஹக் வடிவமைத்த ஆர்கேடியா பள்ளி 2019இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது பெற்றது. அங்கேயும் பீப்பாய்தான், இரும்பு டிரம். மேலே மூங்கில். வருடத்தில் சில மாதம் ஆற்றுவெள்ளம் வரும்போது மிதக்கும், மற்ற மாதங்களில் தரையில் உட்கார்ந்திருக்கும். தரையில் உட்காரும் காலத்தில் அடிப்பக்கத்துக்குப் போய்ப் பார்க்கலாம், கயிற்றை மாற்றலாம். மூங்கிலுக்குப் பூசியது காப் காயை வேகவைத்த சாறு. நம் பனிச்சையின் இனம், படகுக்கும் வலைக்கும் காலங்காலமாகப் பூசுவது. அதாவது, அங்கே பராமரிப்பு முறையே ஊரிலிருந்து வந்தது. சூழலும் சாதகம்: மகோக்கோவில் தண்ணீர் வற்றும் பருவம் என்று ஒன்று கிடையாது.

இன்னொன்று, அதே நாட்டில் சிதுலாய் என்ற தொண்டு அமைப்பு 2002இலிருந்து நடத்தும் படகுப் பள்ளிகள். இவற்றைக் கட்டடக்கலை இதழ்களின் அட்டையில் அதிகம் பார்க்க முடியாது, ஏனென்றால் இவை படகுகள், அவ்வளவுதான். படகு கட்டத் தெரிந்தவர் கட்டுகிறார், செப்பனிடத் தெரிந்தவர் செப்பனிடுகிறார். நான் ஒரு பள்ளிக்குழுவில் இருந்து முடிவெடுக்க வேண்டியிருந்தால், மனதுக்குப் பிடித்தது மகோக்கோவின் முக்கோணமாக இருந்தாலும், படகுக்குத்தான் கை தூக்குவேன்.

அப்புறம்

முக்கோண மிதவை பயணம் போனது. மூன்றாம் வடிவம் 2018இல் பெல்ஜியத்தின் புரூஷ் நகரத்தில், நான்காவது அதே வருடம் சீனாவின் செங்துவில். கேப் வர்டியின் மின்டேலோ துறைமுகத்தில் 2021இல் மூன்று மிதவைகள் சேர்ந்து ஓர் இசை மையமாயின: ஓர் அரங்கம், ஓர் ஒலிப்பதிவுக் கூடம், ஒரு மதுக்கூடம். மூட்டுகளும் மிதப்பும் ஒவ்வொரு முறையும் தேறியிருக்கின்றன. முதல் கட்டடத்தில் கற்ற பாடம் வீணாகவில்லை. அந்தப் பாடத்துக்கான கட்டணத்தைக் கட்டிய ஊர்தான் வேறு.

லாகோஸ் காயலோரத்தில் இடிப்பு ஓயவில்லை. 2016 நவம்பரிலிருந்து 2017 ஏப்ரலுக்குள் ஒதோதோ க்பாமே என்ற இன்னொரு எகுன் மீனவர் ஊர் முழுதாக அகற்றப்பட்டது. சுமார் முப்பதாயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். அங்கே புகழ்பெற்ற கட்டடம் எதுவும் இருக்கவில்லை. மகோக்கோவில் 2019இல் ஊர் இளைஞர்கள், பெண்கள் பலர் உட்பட, டிரோன் ஓட்டப் பழகித் தங்கள் வாய்க்கால்களையும் வீடுகளையும் படம்பிடித்து, யாரும் பார்க்கக்கூடிய இணைய வரைபடத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். அதுவரை வரைபடங்களில் அந்த இடம் பெரும்பாலும் வெறும் தண்ணீர்.

வகுப்புகள் பழைய பள்ளியிலேயே தொடர்ந்தன, மண் கொட்டி மேடாக்கிய அதே இடத்தில்.